வடாலாவுக்கு அடுத்து

அறுவை அரங்கில் என் வேலை
விளக்கை அணைப்பது.
இதற்கா சம்பளம் என்று மைத்துனன் சிரிப்பான்.
டாக்டர் தாரூவாலா "அந்தேரா" என்பார்,
சுவிட்சைத் தட்டுவேன்.
பரேலில், நான்காம் மாடியில்,
பட்டப்பகல் பத்தேமுக்காலுக்கு
ராத்திரி வரும்.

எசக்கிராஜுக்கு விடிகாலை ஐந்துக்கே
மருந்தைக் கரைத்துக் கொடுத்தாயிற்று.
புளிச்ச மோர்த்தண்ணி மாதிரி இருக்கு, என்றார்.
துறைமுகப் பாதையில் டிக்கெட் பரிசோதகர்,
இருபத்தாறு வருஷம்.
கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தார்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

மருந்து உடம்பெல்லாம் போகும்.
நல்ல செல் வாங்கிச் செலவழித்துவிடும்.
கெட்டது செலவழிக்கத் தெரியாமல் சேர்த்துவைக்கும்,
நீல வெளிச்சம் பட்டதும்
கையும் களவுமாய்ச் சிவந்துபோகும்.
"டிக்கெட் இல்லாதவன் மூஞ்சி மாதிரி" என்று
முந்தின நாள் அவரே சொன்னார்.

மண்டையோட்டில் ஒரு ஜன்னல்.
வலி இல்லை, விழிப்பு உண்டு.
அணைத்தேன்.
மானிட்டரில் மூளை கடல் நீலம்.
நடுவே இளஞ்சிவப்பு:
சீவ்ரி சேற்றில் ஜனவரியில் இறங்கும்
பூநாரைக் கூட்டம்.
சொல்லக் கூடாதுதான்,
அழகாக இருந்தது.

தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால்
இன்று இரட்டை வேலை.
காதருகே குனிந்து கேட்டேன்:
வரிசையா ஸ்டேஷன் சொல்லுங்க அண்ணே.
மஸ்ஜித். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. டாக்யார்ட் ரோடு.
ரே ரோடு. காட்டன் கிரீன்.
பறவைகள் ஒவ்வொன்றாய்
உறிஞ்சுகுழாயில் ஏறிப் போயின.
சீவ்ரி.
வடாலா.

அப்புறம்?

மின்முனை ஓர் ஓரத்தைத் தொட்டிருந்தது,
சிவப்பென்று சத்தியம் பண்ண முடியாத
வெளிறிய ஓரம்.
அப்புறம், அண்ணே?
உதடு அசைந்தது. வண்டி வரவில்லை.
முனையை எடுத்தார்:
குரு தேக் பகதூர் நகர், தடதடவென்று.
வைத்தார்: மௌனம்.
எடுத்தார்: சூனாபட்டி, குர்லா.

வடாலாவில் பாதை பிரியும்,
ஒன்று குர்லாவுக்கு, ஒன்று மாஹிமுக்கு.
டாக்டர் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும் வெளிச்சம்.
எடு என்று சொல்லாது.
விடு என்றும்.

"லைட்" என்றார்.
போட்டேன்.
வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம்,
நல்லதும் அதுவும்.

ஒரு நாள் முழுக்க அவர்மேல் வெயில் படக் கூடாது.
ஜன்னலுக்குத் துணி கட்டினேன், ஒரு சாண் பத்தவில்லை.
மீதிக்கு அவர் கோட்டையே மாட்டினேன்.
இருட்டிலிருந்து குரல்:
எல்லாத்தையும் எடுத்தாச்சா தம்பி?
காலையில டாக்டர் சொல்வாங்க, என்றேன்.
இருபத்தாறு வருஷம் முகம் பார்த்தவர்.
நல்லவேளை,
வெளிச்சம் இல்லை.

ஒன்பது இருபது வண்டிக்கு
சீவ்ரி பிளாட்பாரத்தில் நின்று
கிழக்கே எட்டிப் பார்த்தேன்.
ஆகஸ்ட். பறவை வராத மாசம்.
மழை, சேறு, எண்ணெய்க் கிடங்கின் விளக்கு.
ஏறினேன்.
வடாலா தாண்டியதும்
அறிவிப்புக்கு முன்னால்
அடுத்த பெயரை
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தான்.