எல்லைக் கம்பி

யாரும் பிடுங்காதீர்கள் என்று
முதலில் கத்தியவன் நான்தான்.
ராணுவத்தில் இரண்டு வருடம் ஸ்ட்ரெச்சர் தூக்கியதில்
அது ஒன்றுதான் மறக்காமல் இருந்தது.

டிராக்டர் பெட்டியில் திராட்சைக் குவியல்மேல் நின்று
கூடைகளை வாங்கிக்கொண்டிருந்தார் மெராபி.
சாறு வழுக்கியது. மல்லாந்து விழுந்தார்.
முதுகின் வலப்புறம் புகுந்த கம்பி
கடைசி விலாவுக்குக் கீழே
சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது,
சின்னக் கூடாரம்போல.
இரத்தம் அவ்வளவாக இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரலில் அந்தக் கம்பியை நட்டவனும் நான்தான்.
அவர் கொடிகளுக்கும் என் கொடிகளுக்கும் நடுவே
ஒன்றரை முழ மண்ணுக்காக.

தீயணைப்பு வண்டி வரும்வரை
ஆறு பேர் அவரை ஏந்திப் பிடித்திருந்தோம்.
உடலின் எடை இரும்பில் இறங்கக் கூடாது.
என் தோள் அவர் இடுப்புக்குக் கீழே.
மூன்று வருடமாகப் பேசாதவர்
என் காதோரம் மூச்சு விட்டார்.
"ஓட்டியா, இது உன் கம்பிதானே?"
ஆமாம் என்றேன்.
"ஆழமாகத்தான் நட்டிருக்கிறாய்."

பேஸோ பெரிய கத்தரியை எடுத்தான், கீழே வைத்துவிட்டான்.
கடிக்கும்போது கம்பி துள்ளும்,
துள்ளினால் உள்ளே கிழிக்கும் என்றான்.
அறுக்கும் சக்கரம் சுழன்றது.
அவர்மேல் ஈரப் போர்வை.
தீப்பொறிக்கும் முதுகுக்கும் நடுவே
நனுலி தண்ணீர் ஊற்றினாள்,
திராட்சை கழுவும் வாளியால்,
நிறுத்தாமல், அழாமல்.
இரும்பு சூட்டைச் சுமந்து உள்ளே போகும் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆம்புலன்சில் இடப்பக்கமாகச் சாய்த்தார்கள்.
கம்பியைச் சுற்றித் துணி, துணிமேல் துணி,
அதன்மேல் என் இரண்டு கைகள்.
"அசையக் கூடாது. அதுவும், நீங்களும்."
தெலாவிக்கு நாற்பது நிமிடம்.
அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம்
முனை தாழ்ந்தது, விடும்போது நிமிர்ந்தது.
ஒருமுறை நிமிரத் தாமதமானது.
நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

முதுகில் பட்டால் இழிவு, மார்பில் பட்டால் விழுப்புண்.
ஒரே கம்பியில் இரண்டையும் வாங்கியவனுக்கு
என்ன பெயர்?
பாலத்தைத் தாண்டும்போது
இப்படி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது மனதில்.

அறுவை அரங்கில் இரண்டு மேசைகளைச் சேர்த்து
நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள்,
முதுகுப்பக்கத் துண்டு அதில் இறங்குவதற்கு.
எனக்கும் பச்சை அங்கி.
மயக்கம் இறங்கினால் தசை தளரும், கம்பி சரியும்,
இப்போதுதான் விடவே கூடாது என்றார் டாக்டர் எத்தேரி.
பிறகு இளம் டாக்டர் ஒருவர்
என் கைகள்மேல் கை வைத்தார்.
"என்னிடம் இருக்கிறது. நீங்கள் விடலாம்."
என் விரல்கள் திறக்கவில்லை.
அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள் ஒரு நர்ஸ்,
சுண்டுவிரலில் தொடங்கி.

வெளியே போலீஸ்காரர் கேட்டார்:
கம்பி யாருடையது?

எத்தேரி வந்து உட்காரும்போது நள்ளிரவு.
எப்படிப் பிடுங்கினீர்கள் என்றேன்.
"பிடுங்கவில்லை.
வயிற்றைத் திறந்து
ஈரலுக்கு இரத்தம் போகும் வாசலை முதலில் இறுக்கினோம்.
அதுவரை ஓட்டையை அடைத்து வைத்திருந்தது
உங்கள் கம்பிதான்.
கண்ணில் படாத எதையும் இழுக்கக் கூடாது.
எல்லாம் கண்ணில் பட்டபிறகு, வந்த வழியே, நேராக."
கிண்ணத்தில் கிடந்தன
துரு, சட்டை நூல்,
கால்வாசித் திராட்சை இலை.

டிசம்பரில் கவாத்துக்குப் போனேன்.
அறுத்ததில் மிஞ்சிய அடிக்கட்டை
முழங்கால் உயரத்தில் நின்றது.
மெராபி வேலிக்கு அந்தப் பக்கம்,
வயிற்றில் கை வைத்து, நாற்காலியில்.
எதுவும் சொல்லவில்லை.

இரண்டு கைகளாலும் பற்றினேன்.
விட்டுவிட்டேன்.
மண்வெட்டி எடுத்துச் சுற்றிலும் மெல்லத் தோண்டினேன்.
இரும்பை உரசிக்கொண்டு ஒரு வேர் போயிருந்தது,
அவர் கொடியுடையதோ என் கொடியுடையதோ.

மண்ணைத் தள்ளி மூடினேன்.