முப்பத்தோராம் சீட்டு

இலையுதிர்காலத்தில் சாவி என்றார்கள்.
பிறகு, உறைபனி விலகட்டும் என்றார்கள்.
பிறகு லிஃப்டுக்கு ஒரு கையெழுத்து பாக்கி,
போட வேண்டியவர் விடுப்பில்.
வங்கி மட்டும் விடுப்பு எடுக்கவில்லை.
ஐந்தாம் தேதி, விடியுமுன்பே,
குடிபோகாத வீட்டுக்குத் தவணை;
பத்தாம் தேதி
குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை.
அந்த வருடம் ஸெனோன் பல் கட்டிக்கொள்ளவில்லை.
இடது பக்கமாகவே மென்றான்.

லூப்ளினின் தெற்கு விளிம்பு.
பேருந்துக்கு அதற்குமேல் போக்கிடம் இல்லை.
மூன்றாம் மாடி, கதவு எண் பதினேழு.

விற்பனைப் புத்தகத்தில்
எங்கள் பால்கனியில் ஒரு பெண் நின்றிருந்தாள்.
வெறுங்கால், வெள்ளைக் கோப்பை,
எதிரே பிர்ச் மரங்கள்.
இரண்டு வருடம் அவள்மேல் எனக்குப் பொறாமை.
எனக்கு முன்பே குடிவந்துவிட்டாளே என்று.
அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைப்
பிறகுதான் படித்தேன்:
மரங்கள் காட்சிக்கு மட்டும்.

மரங்கள் இருக்க வேண்டிய இடத்தில்
அடுத்த கட்டடத்தின் குளியலறை ஜன்னல்கள்.

ஏப்ரலில் கூப்பிட்டார்கள்.
மணிக்கணக்கில் கூலி பேசி
ஜானெட்டாவை அழைத்துப் போனோம்.
பையில் இரண்டு மீட்டர் ரசமட்டம்,
ஒரு கட்டு சிவப்புச் சீட்டு,
வாயில் சூரியகாந்தி விதை.
தரையை விரல்கணுவால் தட்டினாள்.
"இங்கே பொக்கு."
ஒட்டினாள். ஒன்று.

கம்பெனி அனுப்பிய மார்ச்சினுக்குப்
பளபளக்கும் காலணி, ஒரே ஒரு வாக்கியம்.
சுவர் சாய்கிறதே?
விதிக்குள்தான் இருக்கிறது.
பால்கனிக் கதவு ஹீட்டரில் இடிக்கிறதே?
விதிக்குள்தான்.
ஜன்னல் மூட மறுக்கிறதே?
மரம், போகப் போகப் பழகிவிடும்.
இது பிளாஸ்டிக், என்றாள் ஜானெட்டா.
அப்போது பிளாஸ்டிக் பழகும், என்றான்.

அளந்தாள்.
வாங்கியது ஐம்பத்து நான்கு சதுர மீட்டர்,
நின்றுகொண்டிருந்தது ஐம்பத்திரண்டே முக்காலில்.
மீதி ஒன்றேகால் எங்கே?
பூச்சு தின்றுவிட்டது, என்றான்.
ஒன்றேகால் என்றால்
ஒரு வாஷிங் மெஷின்,
பக்கத்தில் துணிக்கூடை,
கூடைக்குள் ஒரு பூனை.
பூனையே இல்லாத எனக்கு
அந்தப் பூனைக்காக அழுகை வந்தது.

ரசமட்டத்துக்குள் அந்தக் காற்றுக்குமிழி
நடுக்கோட்டுக்கு வரவே மாட்டேன் என்றது.
யாரும் அதைச் சரிக்கட்ட முடியவில்லை.
அதற்குச் சம்பளம் இல்லை.

நாற்பத்து மூன்று சீட்டுகள்.
வீடு அம்மை வார்த்ததுபோல் இருந்தது.
வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம்.
வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாயிற்று;
அட்டைப்பெட்டிகள் ஸெனோனின் தங்கை கராஜில்.
போட்டோம் கையெழுத்து.
பேனா கம்பெனியுடையது,
நன்றாக எழுதியது.

சரிசெய்ய ஒலெக்சி வந்தான்,
எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன்.
முப்பது நாள் கெடுவின் இருபத்தொன்பதாம் நாள்.
மார்ச் மாதக் கூலியே
இன்னும் கைக்கு வரவில்லை என்றான்.
எங்களுக்கும் அதே கம்பெனிதான், என்றேன்.
தேநீர் குடித்தோம்.
பட்டியலில் இல்லாத சமையலறை மூலையையும்
மெழுகிவிட்டுப் போனான்.
ஒவ்வொன்றாகச் சீட்டுகள் உரிந்தன.
சில, வேலை முடிந்து.
சில, நாங்கள் அலுத்து.

நடைவழிச் சுவரில், தோள் உயரத்தில்,
ஒன்று மட்டும் நிற்கிறது. எண் முப்பத்தொன்று.
அதற்கு நேரே ஜானெட்டா எழுதிய சொல்
யாருக்கும் வாசிக்க வரவில்லை.
போனில் கேட்டோம்,
அவளுக்கும் நினைவில்லை.
விரிசல் இல்லை, ஈரம் இல்லை,
தட்டினால் கெட்டியான ஒலி.
சில இரவுகளில் ஸெனோன்
டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறான்.
நான் மறுபக்கத்திலிருந்து காதை வைக்கிறேன்.

பெயின்ட் அடிக்க வந்தவர் கேட்டார்,
உரித்துவிடவா?
ஒரே குரலில் சொன்னோம்,
வேண்டாம்,
அதைச் சுற்றி அடியுங்கள்.