பதின்மூன்று வயது, நான்கு மாதம்

பிறப்புச் சான்றிதழ்
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் இருந்தது.
தேடிய இருபது நிமிடமும்
ஃபீனிக்ஸ் காவல் நிலையத்தில்
என் மகனுக்குப் பதினெட்டு வயது.

உயரம் அவன் அப்பாவுடையது.
மேலுதட்டில் பென்சிலால் இழுத்தது போல மீசை.
அவனே அதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தான்.
கான்ஸ்டபிள் அந்த மீசையைத்தான்
வயது என்று எழுதிக்கொண்டார்.

கவுண்டரில் தாளை விரித்தேன்.
சார்ஜென்ட் ம்தெத்வா தேதியின் மேல் விரல் வைத்து
உதடு அசையக் கழித்துப் பார்த்தார்.
பதின்மூன்று. நான்கு மாதம்.
குரல் தணிந்தது. ஒரு நாற்காலி வந்தது.
பெரியவர்கள் இருந்த அறையிலிருந்து
தாஷ்லினைக் கூட்டி வந்தார்கள்.
ஒரு தாள் இவ்வளவு செய்யும் என்றால்
கழுத்தில் கட்டியே பள்ளிக்கு அனுப்பியிருப்பேன்.

பையில் இருந்ததை மேஜையில் கொட்டினார்கள்.
கணக்கு நோட்டு, பாதி ரொட்டி, என் வீட்டு ஸ்பேனர்,
திருமதி ராம்பர்சாத்தின் தண்ணீர் மீட்டர்.
பித்தளை. காயலான் கடையில் எண்பது ராண்ட் தருவானாம்.
வரும் வழியில் ரோட்டில் ஓடிய தண்ணீரை
செருப்பைக் கையில் பிடித்துத் தாண்டித்தான் வந்தேன்,
யார் வீட்டில் குழாய் உடைந்ததோ, பாவம், என்று.

"உண்மையச் சொல்லிடுடா" என்றேன்.
சார்ஜென்ட் கையைத் தூக்கி என்னைத் தடுத்தார்.
அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.
வக்கீல் கேட்கலாம். காசில்லாவிட்டால் அரசாங்கமே தரும்.
விலங்கு மாட்டியவர்களின் வாயிலிருந்தே இது வந்தது.

எங்கள் வீட்டில் வாய் திறக்காவிட்டால் திமிர்.
கரண்டியால் தட்டியாவது பேச வைப்பேன்.
இங்கே அதற்குப் பெயர் உரிமை.

மறுநாள் காலை, நன்னடத்தை அதிகாரி மிஸ் ஸிபியா
அவனை மட்டும் பார்த்துக் கேட்டார்:
அது தப்பென்று தெரியுமா?
தெரியும்.
தெரிந்தும், வேண்டாம் என்று நிற்க முடிந்ததா?
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
பதினான்குக்குக் கீழே என்றால்
அறியாதவன் என்றே சட்டம் ஆரம்பிக்குமாம்.
அறிந்தவன் என்று அவர்கள்தான் காட்ட வேண்டுமாம்.
நான் என்றைக்கும் மறுமுனையிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன்.

வெருலம் கோர்ட்டில் கூண்டு இல்லை.
ஒரு மேஜை, தண்ணீர் ஜாடி, கதவு சாத்திய அறை.
யாரும் வற்புறுத்தவில்லை, தம்பி,
நீயாகப் பொறுப்பேற்கிறாயா என்றார் மாஜிஸ்திரேட்.
கைப்பையின் வாரை நான் கடித்துக்கொண்டிருந்தேன்.
"எடுத்தேன்."
பாதிச் சொல்லில் குரல் உடைந்தது,
அழுகையா, வயதா, தெரியவில்லை.

மன்னிப்புக் கடிதம், பத்து சனிக்கிழமை வகுப்பு,
வாரா வாரம் பள்ளியில் கையெழுத்து.
முடித்தால் பெயரில் குற்றப் பதிவு ஏறாது.
தவறினால் மறுபடியும் இதே மேஜை.

வெளியே வராந்தாவில் கெய்லினின் அம்மா.
மீட்டரைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தவன் கெய்லின்;
அவனை வேறு கட்டடத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள்.
"ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே" என்றாள் என்னிடம்.
அவள் கையிலும் ஒரு சான்றிதழ்,
பிளாஸ்டிக் உறையில், மடிப்புக் கலையாமல்.
பதினெட்டு வயது, ஒன்பது நாள்.
நான் என் உறையைப் பைக்குள் தள்ளினேன்.
சொல்வதற்கு எனக்கும் அன்றைக்கு ஒன்றுமில்லை.

டாக்ஸியில் பாதி வழி வரை பேசாமல் வந்தான்.
நானும் கேட்கவில்லை; கற்றுக்கொண்டிருந்தேன்.
பிறகு மணிக்கட்டைத் தடவியபடி அவனே சொன்னான்:
"வெலங்கு லூசும்மா.
வண்டி குலுங்கறப்பல்லாம் கழண்டுச்சு.
கீழ விழுந்தா திட்டுவாங்கன்னு
இன்னொரு கையால புடிச்சிக்கிட்டே வந்தேன்."