சொத்துப் பட்டியல்

தொப்பூர்க் கணவாயில் பிரேக் போன லாரி.
ஓட்டி வந்தவர் லக்பீர் சிங்.
ரைட்டர் நான் எழுதினேன்:
பெல்ட் ஒன்று, மரச்சீப்பு ஒன்று,
நீலத்துணி ஐந்தரை மீட்டர்.

கயிறாகக்கூடியது எதுவும் உள்ளே போகக்கூடாது.
போன ஆடியில் இதே கம்பியிலிருந்து
கைலியோடு மாதுவை இறக்கியவன் நான்.
அவன் கனம் தோளைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

இரவெல்லாம்
இரண்டு கையாலும் தலையை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.
டீ ஆடை கட்டிப் போனது.
டம்ளரைத் தூக்க ஒரு கை வேண்டுமே.

தலைக்குப் போதுமானது, கழுத்துக்குப் போதாதது,
அப்படியொரு துணி எத்தனை முழம் இருக்கும்?
மேசைக்கடியில் என் துண்டை முழம்போட்டுப் பார்த்தேன்.
இரண்டு.
மாதுவின் கழுத்து மெலிந்தது.
மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் பட்டியலை நீட்டியதும்
கையெழுத்துப் போட
வலக்கையை மட்டும் இறக்கினார்.