இரண்டாவது கிண்ணம்

ராத்திரி ஒன்பதே கால், குரும்பாபேட் ஆய்வகம்.
ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு சிவப்பு வாளி.
ஆறு கிண்ணங்கள். முதலாவதில் மருந்தில்லை,
ஆறாவது வரை மெலாக்சிகாம் ஏறிக்கொண்டே போகிறது.

பிஸ்கோத்தின் தொப்பைக் கொழுப்பில் எடுத்த
குருத்தணுக்கள்.
இடுப்பு தேய்ந்த லாப்ரடார், பதினோரு வயது,
வீடு முத்தியால்பேட்டை.

ஆறாவதில்
குட்டை வற்றிய அயிரை மீன்கள் மாதிரி
பிடி விட்டு, உருண்டு, மிதக்கின்றன.

ஊசி போட்ட அன்றே சொல்லியிருந்தேன்:
வலி மாத்திரை கூடாது,
அந்த அழற்சிதான் அணுக்களுக்கு வழி காட்டும்,
அணைத்துவிடாதீர்கள்.

இப்போது போனில் அமலோற்பவநாதன்:
"விடிய விடிய முனகுதும்மா.
அரை மாத்திரைதான்.
தயிர்ல வெச்சுக் குடுத்துட்டேன்."
பின்னால் அது மூச்சுவிடுவது கேட்கிறது.

திட்ட நினைத்தேன்.
தீயை அணைப்பதற்கும்
நாயை அணைப்பதற்கும்
நம்மிடம் இருப்பது ஒரே சொல்.
நான் ஒன்றைச் சொன்னேன்,
அவர் இரண்டையும் செய்துவிட்டார்.

கிண்ணம் முனகுவதில்லை.
நோட்டில் அதற்கொரு கட்டமும் இல்லை.

அரை மாத்திரை, முப்பத்திரண்டு கிலோ நாய்,
ரத்தத்தில் எவ்வளவு நிற்கும்?
உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
தோராயமாக இரண்டாவது கிண்ணம்.
லென்ஸுக்கு அடியில் தள்ளினேன்.

ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன,
கொஞ்சம் மெலிந்து,
ஒன்று இரண்டாகப் பிரிகிற நடுவில்.

"தூங்குதா?" என்றேன்.
"தூங்குது."

காலையிலிருந்தே எனக்கு அடிவயிறு சுருட்டிப் பிடிக்கிறது.
கைப்பையைத் துழாவி
ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டு
மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.