எதிர்ப்புச் சுழியம்

டேப்லெட்டில் பதினேழாவது கேள்வி:
"கடைமடை வரை தண்ணீர் தவறாமல் வருமென்றால்
மாவுக்கு, போகத்துக்கு, எவ்வளவு தருவீர்கள்?"
ஐம்பது. நூறு. இருநூறு. அதற்கு மேல்.
அடியில் ஒரு குறிப்பு, எனக்கு மட்டும்:
பதிலைத் தூண்டக் கூடாது.
தலையாட்டவும் கூடாது.

தலைஞாயிறுக்குக் கிழக்கே இறங்கி
அரிச்சந்திரா நதிக்கரையோடு நடந்தேன்.
பேரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது;
இந்தக் கரையில் எவரும் பொய் சொல்ல முடியாது.
ஆறு முழுக்க வெங்காயத் தாமரை,
அதன் மேல் கால் நனையாமல் போகும் ஒரு கோழி.
தண்ணீர் இருந்தது.
நகரவில்லை.

முதல் வீடு வைரக்கண்ணு. பன்னிரண்டு மா, குத்தகை.
"ஆத்துத் தண்ணிக்கா காசு?
மழைக்கு ரசீது அடிச்சாச்சா?"
சுழியம்.
ஏன் சுழியம் என்பது பதினெட்டு:
வசதி இல்லையா, தேவை இல்லையா,
கேள்வியையே ஏற்கவில்லையா.
மூன்றாவதைத் தொட்டதும்
மனிதர் சிவப்பாகிவிட்டார்.
சென்னையில், கணக்கு ஓட்டுவதற்கு முன்
சிவப்பையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார்கள்.
எதிர்ப்புச் சுழியம் என்று பெயர்.
சராசரியைக் கெடுக்குமாம்.

அடுத்தது சிங்காரவேலு. போர், இருநூற்று நாற்பது அடி.
"முந்நூறு போட்டுக்கங்க" என்றார்,
கேள்வி முடிவதற்குள்.
மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று தெரியாததால்
அவர் சுவிட்சை அணைப்பதே இல்லை.
கரண்டு வந்ததும் மோட்டார் தானாக எழுந்துகொள்ளும்.
வயல் போதும் என்ற பிறகும்
தண்ணீர் வாய்க்கால் தேடிப் போகும்.
"ஓசிக் கரண்டை மிச்சம் பிடிச்சா
யாரு கைல கொடுப்பாங்க?"
அதற்குப் பதில் என் கையேட்டில் இல்லை.
தொட்டியில் உப்புமானியை நனைத்தேன்:
மூவாயிரத்து நூறு.
போன கோடையில் இரண்டாயிரத்து நானூறு.
கடலுக்கும் ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது போல.

அந்தப் போரிலிருந்து நாற்பது தப்படியில்
தையல்நாயகியின் அடிபம்பு.
டீ கொடுத்தாள். சர்க்கரைக்கு அடியில் கரித்தது.
கேள்வியை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள்.
"ரூபாயாத்தான் தரணுமா, தம்பி?"

தலையாட்டாமல் நின்றேன்.

"முறைத் தண்ணிக்கு ரெண்டு ராத்திரி தரேன்.
நடு மதகுல டார்ச்சோட உட்கார்ந்துக்கறேன்.
மேல பலகை போட்டு அடைப்பான், எடுத்துவிடணும்.
போன சம்பாவுக்குப் பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன்.
லஸ்கரு வரலை, வண்டிக்குப் பெட்ரோல் இல்லைன்னுட்டான்.
பதினொண்ணு கொடுத்தவளுக்கு
ரெண்டுன்னா லாபம்தானே?
இன்னிக்கும் முறைதான்."

ராத்திரி என்ற அலகு பட்டியலில் இல்லை.
கூலியால் பெருக்கிக்கொள்ள வழி உண்டு;
நடவுக் கூலியா, களத்துக் கூலியா,
அவளுக்குக் கொடுப்பதா, அவள் புருஷனுக்குக் கொடுப்பதா?
பாம்புக்கு எவ்வளவு கூட்டுவது?
வெறும் இரண்டு என்று போட்டால் திரை ஏற்றுக்கொள்ளும்,
இரண்டு ரூபாய் என்று.

'பிற' என்ற கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு இடம்.
இரண்டு இரவு. மதகில். டார்ச் சொந்தம்.
அவளும் சிவப்பானாள்.

பஸ் வரவில்லை. சிக்னல் ஒரு கோடு.
பதிவேற்றம் அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது.
ஏழே முக்காலுக்குக் கரண்டு வந்தது.
இருட்டுக்குள் எங்கெங்கோ மோட்டார்கள்
ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டது மாதிரி
வரிசையாக ஆரம்பித்தன.
டீ இன்னும் நாக்கில் இருந்தது.

அறுபத்திமூன்று.

ஆற்றின் வளைவில் சின்னதாக ஒரு வெளிச்சம்
மதகுப் பலகைமேல் ஊர்ந்து,
தண்ணீரில் இறங்கி,
ஆழம் பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்று,
மேல்மடைப் பக்கம் திரும்பியது.