இரண்டு வட்டங்கள்

சிம் லிம் டவரில் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினேன்,
யாரோ கழற்றிப் போட்ட தீப்பெட்டியளவுப் பலகை.
"ஓரம் கருகியிருக்கு, ஆனா ஓடும்" என்றார் மிஸ்டர் கோ.
ஓடியது.
ஒரு ஞாயிறு முழுக்க ஈயம் உருக்கி, விரல் சுட்டு,
பழைய மைலோ டப்பாவுக்குள் அட்டை விரித்து
அதைக் குடிவைத்தேன்.

ஈசூன், பதினோராம் மாடி, மூவறை வீடு.
இங்கிருந்து எது எங்கே பேசுகிறது என்று
எழுதி வைப்பது டப்பாவின் வேலை.
பேச்சு தெரியாது. முகவரி மட்டும்.
தபால்காரருக்குத் தெரிகிற அளவு.

முதல் இரவே, மூன்று மணிக்கு,
ரோபோ துடைப்பான் கடல் தாண்டி யாருக்கோ
எங்கள் வீட்டை அனுப்பிக்கொண்டிருந்தது.
கட்டில் எத்தனை அடி, சாமி அலமாரி எந்த மூலை,
குளியலறைக் கதவு எவ்வளவு திறக்கும்.
பெருக்கத்தானே விட்டேன்.
அளக்க யார் சொன்னது?

கையும் களவுமாகப் பிடிக்க
மூன்று வாரம் எழுதவிட்டேன்.
பிறகு வாயைக் கட்டினேன். இரண்டே வரி நிரல்.
கொசுவை ஒரே அடியில் அடித்தவளின் பெருமை.

கட்டுவதற்கு முன்
அது வரைந்த படத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன்.
செவ்வாய், காலை பத்து பன்னிரண்டு.
சோபாவுக்கு முன்னால் இரண்டு சிறு வட்டங்கள்.
'தடை' என்று குறித்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது.
புதன், அதே இடம்.
வியாழன், ஜன்னலோரம்.

அந்த அளவில் மேசைக்கால் எங்களிடம் இல்லை.
செருப்பெல்லாம் வாசலோடு சரி.
பத்து மணிக்கு நான் உட்லண்ட்ஸ் பல் மருந்தகத்தில்
வரிசை எண் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.
மகன் தேசிய சேவையில், தெக்கோங் தீவில்.
அவர்,
இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில் பிரைம் மூவர் ஓட்டுகிறவர்,
ஆறு நாற்பதுக்கே சீருடையோடு இறங்கியிருப்பார்.

டப்பாவின் குறிப்பைப் புரட்டினேன்.
நான் கிளம்பிய பத்தாவது நிமிடம்
அவர் கைப்பேசி வீடு திரும்பியிருக்கிறது.
தினமும்.
வேலைவாய்ப்புத் தளம். திறன்பயிற்சித் தளம்.
மறுபடி வேலைவாய்ப்பு.
மதியம் கொஞ்சம் சதுரங்கம்.
நாலு மணிக்கு என் மருந்தகத்தின் பக்கம்.
எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று பார்க்கத்தானே?

துவாஸில் வண்டிகள் தாமே ஓடுகின்றன.
போன வருடம் அவர்தான் படம் காட்டினார்:
"பாரு, ஓட்டுறவனுக்கு இடமே வைக்கல.
தலையில்லா முண்டம். ஆனா ஒரு அங்குலம் தப்பல."
பாராட்டாகத்தான் சொன்னார்.

கடல் தாண்டி யாரோ ஒருவருக்கு
என் கணவரின் பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று
மூன்று வாரமாகத் தெரிந்திருக்கிறது.
எனக்கு இன்றைக்கு.
திட்ட வாயெடுத்தேன்.
டப்பாவுக்குள் இருந்ததோ என் கையெழுத்து.

அழித்தேன், எல்லா நாளையும்.
அவர் கைப்பேசியை மட்டும் தனியே எடுத்து
'இதை எழுதாதே' என்று ஒரு வரி சேர்த்தேன்.
டப்பா மறந்துவிட்டது.

ஏழே காலுக்கு வந்தார்.
சட்டையில் காலையில் நான் தேய்த்த மடிப்பு
அப்படியே இருந்தது.
"இன்னிக்கும் கப்பல் லேட்டு, செண்பகம்."
"ம். மீ கோரெங் இருக்கு, சூடு பண்ணவா?"
அவராகச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.
கடவுச்சொல் அவருடையது.

சோபாவில் சாய்ந்தார். துடைப்பான் வந்தது.
அவர் காலை எடுக்கவில்லை.
அது நின்றது, பழகிய மாதிரி
சுற்றிக்கொண்டு போனது.
பிறகு ஒரு பெண் குரலில் அறிவித்தது,
மின்னேற்றத்துக்குத் திரும்புகிறேன் என்று.

இந்த வீட்டில்
எங்கே போகிறேன் என்று
உரக்கச் சொல்லிவிட்டுப் போவது
அது ஒன்றுதான்.